மூன்றாவது மேடு

பொலிகார்ப்போ இன்னும் உப்பை ஊற்றவே இல்லை. ஆனால் மீட்டரில் எண் ஏறத் தொடங்கிவிட்டது.

நிக்கனோரா மீட்டரின் கம்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்து மறுபடி இறக்கினாள். முப்பத்தெட்டில் நிற்க வேண்டிய எண் அது. பூமாராஹு மலையின் பனி உருகி வரும் தண்ணீர் சாம்பல் கரைத்த பால் மாதிரி இருக்கும், ருசி என்று ஒன்றும் இருக்காது, மீட்டரில் முப்பத்தெட்டுக்கு மேல் காட்டாது. உப்பு கலந்தால்தான் ஏறும். அதற்காகத்தான் இத்தனை பாடு. நூற்றைம்பது தப்படி மேலே, பாறைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், அவள் கொழுந்தன் பொலிகார்ப்போ ஐந்து கிலோ உப்பை வாளியில் கரைத்து ஓடையில் கொட்டுவான். கீழே இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒரு தடவை எண்ணை நோட்டில் எழுதுவாள். எண் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். வரைந்து பார்த்தால் ஒரு மேடு. அந்த மேட்டை வைத்து ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது, மலை எவ்வளவு வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று டவுனில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நாற்பத்தாறு. ஐம்பத்தொன்பது. எழுபத்து மூன்று.

அவள் வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"பொலி, ஊத்திட்டியா?"

"நீங்க சொல்லாம ஊத்துவேனா அண்ணி? இப்பத்தான் மூட்டையப் பிரிக்கறேன். எந்த மகராசன் முடிச்சு போட்டானோ தெரியல, பல்லால கடிச்சுக்கிட்டிருக்கேன்."

எண் இறங்கியது. நாற்பதைத் தொட்டு மறுபடி ஏறியது. இறங்கியது. மூன்றாம் தடவை ஏறி, இறங்கி, முப்பத்தெட்டில் வந்து ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

"சரி. நான் சொல்றப்ப ஊத்து," என்றாள்.

மூன்று மேடு. உப்பை மூன்று தவணையாக ஊற்றுகிற ஆள் இந்த மலையில் ஒருவன்தான் இருந்தான். அவள் புருஷன் எவாரிஸ்தோ. கொயாபம்பா ஊர்க்காரர்கள் மலைக்கு எதைக் கொடுத்தாலும் மூன்றாகத்தான் கொடுப்பார்கள். கோக்கா இலை மூன்று, சாராயம் தெளித்தால் மூன்று தெளிப்பு. ஒன்றாகக் கொடுத்தால் மலை அதைப் பிச்சை என்று நினைத்துக்கொள்ளும். எவாரிஸ்தோவின் கைக்கு உப்பு வேறு, இலை வேறு என்று தெரியவில்லை. வாளியைத் தூக்கினால் மூன்று தடவையாகத்தான் சாய்ப்பான். இன்ஜினியர் பாலோமினோ எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டார். "இது என்ன பூசையா எவாரிஸ்தோ? ஒரே மூச்சுல கொட்டுய்யா. மூணு மேட்ட வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, ஒட்டகமா வளக்கறது?" எவாரிஸ்தோ சிரிப்பான். அடுத்த முறையும் மூன்றாகத்தான் ஊற்றுவான். அவள் கீழே கம்பியோடு நிற்பாள். அவன் வாக்கி டாக்கியில் கேட்பான்: "நிக்கா, நான் ஊத்திட்டேன். எவ்வளவு வந்துச்சு? கம்பிய நேரா பிடி."

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதத்தில், முதுகில் ஐந்து பை உப்பைக் கட்டிக்கொண்டு பனிமேல் குறுக்கு வழியில் போனவன் ஒரு வெடிப்புக்குள் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

யாரும் ஊற்றாமலே இப்படி மூன்று மேடு வருவது இந்தப் பருவத்தில் இது ஐந்தாவது முறை. முதல் தடவை ஜூன் மாதம். அன்றைக்கு வந்த மேடுகள் மேடுகளாகவே இல்லை, நீளமாக, சோம்பலாக, ஒன்றோடொன்று கரைந்து வந்தன. மீட்டர் கெட்டுப்போச்சு என்று நினைத்தாள். ஆனால் நாலு வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு ஒன்று தெரியும். தூரத்தில் ஊற்றிய உப்பு வழியெல்லாம் சிதறி அகலமாக வரும், பக்கத்தில் ஊற்றியது கூட்டமாக, கூராக வரும். ஜூலையில் மேடுகள் கொஞ்சம் குறுகின. ஆகஸ்டில் இன்னும் குறுகின. போன மாதம் மூன்றும் தனித்தனியாக நின்றன. இன்றைக்கு ஊசி மாதிரி. நூற்றைம்பது தப்படியிலிருந்து பொலிகார்ப்போ ஊற்றுவதைவிடக் கூராக.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் அந்த எண்களை எழுதவும் இல்லை. சொன்னால் மீட்டரைப் பறித்துக்கொண்டு வேறு ஆளை நிறுத்துவார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பனி அவனைக் கீழே கொண்டுவருகிறது என்றால், அது அவனை வெளியே தள்ளும் நாளில் அவள் இங்கே இருக்க வேண்டும். வாரி எடுத்து, ஊருக்குக் கொண்டுபோய், அவன் அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் அவனுடைய பழுப்புக் கம்பளியைக் கழுதைமேல் போட்டுக் கொண்டுவந்தாள். இப்போதும் அதைப் பின்னால் பாறைமேல் மடித்து வைத்திருந்தாள். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. தண்ணீரை அளக்கிற திட்டம் முடிந்துவிட்டது, உருகும் அளவைப் பார்க்கப் பனியில் நட்ட கம்புகளையெல்லாம் இன்றைக்குப் பிடுங்குகிறார்கள். நாளையிலிருந்து இந்தத் தண்ணீரை யாரும் அளக்க மாட்டார்கள்.

ஐந்து பை. ஐந்து தடவை. இதோடு அவனிடம் உப்பு தீர்ந்திருக்க வேண்டும்.

ஒரு நினைப்பை மட்டும் அவள் கிட்டே விடாமல் வைத்திருந்தாள். கொயாபம்பாவில் செத்தவர்களுக்குப் படைக்கும் சாப்பாட்டில் உப்பு போடுவதில்லை. செத்தவர்களுக்கு உப்பு ஆகாது, தொட்டால் வெந்துவிடும், உப்பு இருக்கும் இடத்துக்கு அவர்கள் வரவே மாட்டார்கள். அப்படியென்றால் மேலே உப்பைக் கையால் அள்ளி ஊற்றுவது யார்? பை கிழிந்து தானாகக் கரைகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிழிந்த பை மூன்று மூன்றாகக் கரையுமா என்று மனசு கேட்டது.

"ரெடி அண்ணி. கைவெரல் விறைச்சுப்போச்சு."

"ஊத்து."

பொலிகார்ப்போ ஊற்றினான். எண் ஏறியது, உச்சிக்குப் போனது, இறங்கியது. ஒரே மேடு, பாடப் புத்தகத்தில் போடலாம். அவள் எழுதினாள். மூச்சு கொஞ்சம் சீரானது. வாயில் இரண்டு வறுத்த சோளத்தைப் போட்டு மென்றாள்.

மத்தியானம்தான், ஆனால் பள்ளத்தாக்கின் மேல் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பனிச்சரிவு மறைந்தது, பிறகு அதன் அடியில் ஓடை புறப்படுகிற குகைவாய் மறைந்தது, பிறகு பொலிகார்ப்போ நிற்கும் பாறைத் திருப்பம். ஈரக் கல்லின் வாடையும் கழுதை விட்டை வாடையும் காற்றில் நின்றன. ஓடையின் இரைச்சல்கூடப் பஞ்சில் சுற்றியது போல் அமுங்கிப் போயிற்று. அந்த அமுக்கத்துக்குள் பனி எங்கோ நெரிந்து சத்தம் போட்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது. இன்ஜினியர் பாலோமினோ. காலையில் அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, கடைசிக் கம்புகளைப் பிடுங்கவும் கடைசிப் போட்டோ எடுக்கவும் தனியாக மேலே போனவர்.

"யாருய்யா குகைக்குள்ள கம்பு நட்டது? பொலி, நீயா?"

"நான் ஏன் சார் அங்க நடறேன்? அதுக்குள்ள போனா பனி தலையில விழும்னு நீங்கதான சொன்னீங்க."

"நம்ம கம்புதான்யா. நம்ம பெயின்ட்டு. மூணு நட்டுருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் வேற போட்டுருக்கு. லிஸ்ட்லயே இல்லாத கம்பு." அவர் சிரித்தார். "பிடுங்கிட்டு வரேன். இல்லாட்டி ஆபீஸ்ல எங்கிட்ட கேப்பாங்க."

"சார், உள்ள போகாதீங்க," என்றாள் நிக்கனோரா. தன் குரலே அவளுக்கு வேறு யாரோ பேசுவது போல் கேட்டது.

"ரெண்டு நிமிஷம்மா."

அவள் வாக்கி டாக்கியை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று. மூன்று என்ற சொல் காதில் விழுந்ததும், இத்தனை வருஷம் அழுத்தி வைத்திருந்தது மேலே வந்துவிட்டது.

எவாரிஸ்தோ விழுந்த ஐந்தாம் நாள். துக்கம் முடிக்கிற படையலை வைக்க மூன்று பேர் அந்த வெடிப்பின் விளிம்புக்குப் போனார்கள். அவள், பொலிகார்ப்போ, இன்ஜினியர். உப்பில்லாத சோறும் உப்பில்லாத கிழங்கும் இலையில் வைத்தாள். கும்பிட்டு எழுந்தபோது அடியிலிருந்து, வெகு ஆழத்திலிருந்து, சத்தம் வந்தது. இரும்பால் பனியைத் தட்டுகிற சத்தம். தட், தட், தட். கொஞ்சம் இடைவெளி. தட், தட், தட்.

மூன்று பேரும் கேட்டார்கள். பொலிகார்ப்போ அவள் முகத்தைப் பார்த்தான். இன்ஜினியர் வானத்தைப் பார்த்தார், மேற்கே புயல் கறுத்துக்கொண்டு வந்தது, கயிறு ஒன்றுதான் இருந்தது. "பனி நெரியுதும்மா. எப்பவும் இப்படித்தான்," என்றார். இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பொலிகார்ப்போ இறங்கியிருப்பான். ஊரில் துக்கம் முடிந்துவிட்டது. செத்தவனுக்குச் செய்கிற வழக்கப்படி அவன் துணிகளை ஓடையில் துவைத்தாகிவிட்டது. உயிரோடு இருப்பவனுக்கு உப்பில்லாத சோறு வைத்தாகிவிட்டது. புயல் வருகிறது, இறங்குகிறவனும் திரும்பி வர மாட்டான். இப்படி நூறு காரணம் பிறகு சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம், வேறொன்றும் இல்லை.

"பனிதான்," என்றாள் அன்றைக்கு.

மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். தட், தட், தட் என்பது பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது.

முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

அவள் குனிந்து பார்த்தாள். நாற்பது. வெகு மெதுவாக ஏறியது. அகலமான, சோம்பலான மேடு. தூரத்தில் ஊற்றியது. குகைவாய் அளவு தூரம்.

"பொலி, நீ ஏதாச்சும் ஊத்துனியா?"

"இல்ல அண்ணி. ரெண்டாவது வாளி இனிமேத்தான் கரைக்கணும்."

உப்பு தீர்ந்துவிட்டது. ஐந்து பையும் தீர்ந்துவிட்டது. எவாரிஸ்தோ எதை ஊற்றுகிறான்?

மீட்டரில் உப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் உண்டு, தண்ணீரின் சூடு. நாலு வருஷமாக அது அரை டிகிரிக்கு மேல் போனதில்லை. அவள் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தாள். இப்போது முக்காலைத் தாண்டியிருந்தது.

"சார்," என்றாள் வாக்கி டாக்கியில். "பாலோமினோ சார்."

கரகரப்பு.

"சார், வெளிய வந்துட்டீங்களா?"

பால்நிறத் தண்ணீரில், நடு ஓட்டத்தில், ஏதோ ஒரு சாயம் நூலாக வந்தது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் வருமே, அப்படி. கம்பியைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று. எண் மெல்ல இறங்கி முப்பத்தெட்டுக்கு வந்தது.

"பொலி, எல்லாத்தையும் போட்டுட்டு கீழ வா. ஓடையப் பாக்காத, வா."

"என்ன அண்ணி, தண்ணியில ஏதோ..." அவன் நிறுத்தினான். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சின்னக் குரலில், ஊரில் சின்ன வயதில் அண்ணன் பின்னால் ஓடிய பையனின் குரலில் பேசினான். "அண்ணி. தட்டுற சத்தம் கேக்குது."

"பனிதான் பொலி. நீ வா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே உறைத்தது.

"அன்னைக்கும் இதத்தான சொன்னீங்க," என்றான் அவன். அழுதான். "பக்கத்துல கேக்குது அண்ணி. பாறைக்கு இந்தாண்ட. நான் அன்னைக்கு எறங்கியிருக்கணும். ஒங்க மூஞ்சப் பாத்துக்கிட்டு நின்னேன். அண்ணே, நான் எறங்கியிருக்க..."

வாக்கி டாக்கியில் கல் உருண்டது. வாளி உருண்டது. மேலே கழுதை ஒரு தடவை கத்தியது.

பிறகு ஓடைச் சத்தம்.

அவள் ஓட நினைத்தாள். பாதை பின்னால்தான், கல் கல்லாகக் கீழே போகிறது, கண்ணைக் கட்டினாலும் இறங்கிவிடுவாள். ஆனால் ஓடையோரத்தில் குத்துக்காலிட்டபடியே இருந்தாள். கை கம்பியை விடவில்லை. நாலு வருஷப் பழக்கம்.

முப்பத்தெட்டு.

ஐம்பது.

சட்டென்று. ஊசி மாதிரி. உச்சிக்குப் போய், அதே வேகத்தில் இறங்கியது. தண்ணீரின் நிறத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எண்ணை மட்டும் பார்த்தாள். பொலிகார்ப்போவின் கம்பளித் தொப்பி கம்பியில் வந்து முட்டி, கொஞ்சம் நின்று, சுழன்று, கீழே போயிற்று.

ஒன்று அகலம். ஒன்று கூர். தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. எவாரிஸ்தோ எதையும் மூன்றாகத்தான் கொடுப்பான். ஒன்றாகக் கொடுத்தால் மலைக்குப் பிச்சை.

வாக்கி டாக்கி கரகரத்தது. இந்தத் தடவை மூச்சு இல்லை. மூச்சு இல்லாமல் ஒரு குரல். அவளுக்குத் தெரிந்த குரல், தண்ணீரில் வெகு நாள் ஊறிய குரல்.

"நிக்கா. நான் ஊத்திட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

நோட்டில் எழுதாத எண்ணை அவள் சொன்னாள். மாட்டேன் என்று நினைத்தபடியே சொன்னாள். "நாப்பது. அப்பறம் அம்பது." குரல் உடைந்தது. "ஒன்ன கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் எவாரிஸ்தோ. ஒவ்வொரு தடவையும் வந்தேன். ஒன் கம்பளியக் கொண்டாந்துருக்கேன்."

மூடுபனி ஓடைமேல் இறங்கி எதிர்க்கரையை எடுத்துக்கொண்டது. பிறகு தண்ணீரை எடுத்துக்கொண்டது. மீட்டரின் சின்ன வெளிச்சமும் அவள் கையும் மிச்சம் இருந்தன.

தட்.

பின்னால். பாறையில்.

தட்.

கம்பளி வைத்த பாறை.

தட்.

அவள் திரும்பவில்லை. கூழாங்கல் நெரிந்தது, ஒரு கால், இன்னொரு கால். பழைய பனியின் வாடை, உப்பு மூட்டையின் சணல் வாடை, அதற்கு அடியில் அவன் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாடை. பழுப்புக் கம்பளி அவள் தோள்மேல் வந்து படிந்தது. நனைந்திருந்தது. யாரோ அதை முன்னால் இழுத்து, பிணத்துக்குச் சுற்றுவது போல ஒருமுறை சுற்றி, மறுமுறை சுற்றி, மூன்றாம் முறை சுற்றி இறுக்கினார்கள். காதோரத்தில் ஈரம் பட்டது.

"கம்பிய நேரா பிடி."

அவள் நேராகப் பிடித்தாள்.

முப்பத்தெட்டு.

எண் ஏறத் தொடங்கியது.